உப்புக் காற்றும் பழைய காரின் சைலன்ஸரும்: மண்டபத்திலிருந்து ஓர் அனுபவம்

என்னிடம் இருப்பது 2008 மாடல் பெட்ரோல் கார். ராமேஸ்வரம் பக்கத்தில் உள்ள மண்டபத்தில் வீடு, வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். இன்ஜின் இன்றைக்கும் நன்றாக இருக்கிறது, கியர் பாக்ஸைத் தொட்டதே இல்லை, ஏசி குளிர்கிறது. ஓயாமல் செலவு வைத்தது சைலன்ஸர் லைன் ஒன்றுதான். மதுரையில் இருக்கும் என் மச்சானிடமும் இதே மாடல், இதே வருடத்து வண்டி இருக்கிறது. அவர் கம்பெனியில் மாட்டிக் கொடுத்த சைலன்ஸரையே இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு இப்போது இருப்பது மூன்றாவது. வண்டியில் குறை இருந்தால் இரண்டிலும் அல்லவா இருந்திருக்க வேண்டும்? ஊர்தான் காரணம்.

இந்த ஊர்க் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதற்கு வெளியே போய்ச் சாட்சி தேட வேண்டியதில்லை. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் தன் அரிப்புச் சோதனை மையத்தை வைத்திருப்பதே மண்டபம் கேம்ப்பில்தான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கு பாலிசிலாக்ஸேன் பூச்சும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் போட்டதற்குக் காரணம் இதே காற்று. பாலத்துக்கே அந்தப் பாடு என்றால், ஒரு மில்லிமீட்டர் சொச்சம் கனமுள்ள சைலன்ஸர் தகடு எம்மாத்திரம்?

நமக்குக் கடல் ஒரு பக்கம் மட்டும் இல்லை. தென்கடலும் உண்டு, வடகடலும் உண்டு. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தாலும் வடகிழக்கிலிருந்து வாடை அடித்தாலும் உப்பு வந்து விழும். வண்டியின் மேல்பக்கத்தைத் துணியால் துடைத்துவிடலாம், அடியில் படிந்ததை யார் துடைப்பது? காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கரையும். கடல் உப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு கீழேயே கரைந்துவிடும். அடுப்படியில் உப்பு ஜாடி கசிகிறதே, அதே கசிவுதான் ராத்திரி முழுக்க வண்டிக்கு அடியிலும் நடக்கிறது. மழையே இல்லாத மாதத்தில்கூட அந்தக் குழாய் காய்ந்து கிடப்பதில்லை. இது போதாதென்று மீன் வண்டிகள். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீரை ரோடு நெடுக ஒழுகவிட்டுக்கொண்டே போவார்கள். பின்னால் போகிறவர் டயர் அதை வாரி நேராக அடிப்பாகத்தில் அடிக்கும். நான் மீன் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் நன்றாக இடைவெளி விட்டுத்தான் போவேன்.

வெளியே இப்படி. உள்ளே நடப்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வர வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பின்குழாயில் சொட்டுகிறதே, அது அந்தத் தண்ணீர்தான். நெடுந்தூரம் ஓட்டினால் சைலன்ஸர் சூடேறி அத்தனையும் ஆவியாகிப் போய்விடும். என் ஓட்டமோ பள்ளிக்கூடம், ரயிலடி, உச்சிப்புளி சந்தை. சூடு ஏறுவதற்குள் இன்ஜினை அணைத்துவிடுவேன். இன்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கும் குழாய் சீக்கிரம் சுட்டுக் காய்ந்துவிடும். கடைசியில் தொங்கும் பெரிய டப்பாதான் ஆறிப் போய்க் கிடக்கும், தண்ணீரும் அங்கேதான் தேங்கும். அந்தத் தண்ணீரில் புகையின் அமிலமும் கொஞ்சம் கலந்திருக்கும். அதனால்தான் எல்லோருக்கும் முதலில் பின் டப்பா போகிறது, அதுவும் அடிப்பக்கத்து மடிப்பில். டப்பாவின் அடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருந்தால் பயப்பட வேண்டாம், தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனியே வைத்தது அது. அதைப் பொத்தல் என்று நினைத்து வெல்டு வைத்து அடைத்துவிடும் ஆட்களும் உண்டு. அப்படி அடைத்தால் டப்பாவின் ஆயுசு இன்னும் குறையும்.

சத்தம் வருகிறதா என்று பார்க்க இந்தப் பக்கத்தில் நல்ல இடம் ஒன்று இருக்கிறது: பாம்பன் ரோட்டுப் பாலம். கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போனால், நம் வண்டிச் சத்தம் கைப்பிடிச் சுவரில் பட்டு நம் காதுக்கே திரும்பி வரும். ஊருக்குள் கேட்காத ‘பட பட’வை அங்கே கேட்கலாம். என் வண்டியில் இரண்டாவது டப்பா போனதை நான் கண்டுபிடித்தது அந்தப் பாலத்தின் மேல்தான். வீட்டில் பார்க்க வேண்டுமானால், இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, கனமான துணியால் பின்குழாயை ஒரு சில விநாடி அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். லைன் நன்றாக இருந்தால் இன்ஜின் திணறும். ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் ‘புஸ்’ என்று கேட்கும். ஜாயின்ட்டில் கறுப்பாகக் கரி படிந்திருந்தாலும் அங்கே கசிகிறது என்று பொருள்.

பின்பக்க ஓட்டை பெரும்பாலும் காதுக்குத்தான் தொந்தரவு. முன்பக்க ஓட்டை அப்படி இல்லை, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஒரு கோடையில் அம்மாவை அடிக்கடி மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. பரமக்குடி தாண்டுவதற்குள் தலைவலி, குமட்டல் என்பார். வயசும் வெயிலும் என்றுதான் வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டோம். அப்புறம் மைலேஜும் குறைந்தது, இன்ஜின் லைட்டும் எரிந்தது. மெக்கானிக் அண்ணன் வண்டியை ஏற்றிப் பார்த்ததும் இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் மேனிஃபோல்டுக்குக் கீழே, ஆட்டத்தைத் தாங்க வளைந்து கொடுக்கும் பெல்லோஸில் கையை வைத்துக் காட்டினார். பின்னல் கம்பி துருப்பிடித்து அறுந்து, உள்ளே இருந்த சுருள் தகடு கிழிந்திருந்தது. அங்கிருந்து வரும் புகை பானெட்டுக்குள் தங்கி, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்று வழியில் ஏசி மூலம் உள்ளே வந்திருக்கிறது. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலியும் தூக்கக் கலக்கமும்தான் அது தரும் எச்சரிக்கை. பெல்லோஸ் மாற்றிய பிறகு அம்மாவுக்கு அந்தத் தலைவலி வரவில்லை. புகையில் இருக்கும் ஆக்ஸிஜனை அளக்கும் சென்ஸருக்கு முன்னால் ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கலவையில் பெட்ரோல் குறைவு என்று சென்ஸர் தப்பாகச் சொல்லும். இன்ஜினும் அதை நம்பி அதிகமாகப் பெட்ரோல் ஊற்றும். மைலேஜ் குறைந்ததற்கும் இன்ஜின் லைட்டுக்கும் அதுதான் காரணம். தயவுசெய்து, சத்தம் முன்பக்கம் கேட்டால் அன்றைக்கே பாருங்கள். நிறுத்திய காரில் ஏசி போட்டுக்கொண்டு யாரையும் தூங்க விடாதீர்கள்.

இனி ஒட்டு போடும் விஷயம். முதல் டப்பா போனபோது தகடு வைத்து ஒட்டித்தான் ஓட்டினேன், சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. ஒட்டின இடம் நின்றது, அதற்குப் பக்கத்து இடம் பொத்துக்கொண்டது. அதை ஒட்டினால் இன்னொரு பக்கம். கடைசியில் அண்ணன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டப்பாவின் அடியில் லேசாகக் குத்தினார். பொலபொலவென்று உதிர்ந்து கை நிறைய வந்தது. “தம்பி, வெல்டிங் ராடு பிடிக்கிறதுக்கு இதுல இரும்பு எங்க இருக்கு? தொட்டா கரையுது. மாத்திரு” என்றார். நம் ஊரில் வெளியே ஓட்டை தெரியும்போது உள்ளே தடுப்புத் தகடுகள் ஏற்கெனவே போயிருக்கும். ஆட்டிப் பார்த்தால் கிலுகிலுப்பைபோல் உள்ளே சலசலக்கும். அந்த நிலையில் ஒட்டுக்குக் கொடுக்கும் காசு வீண்தான்.

இரண்டாவதாக, கம்பெனியுடையதாக இல்லாமல் வெளிச்சந்தையில் விற்கும் டப்பா ஒன்று வாங்கி மாட்டினேன். வெறும் இரும்புத் தகடு, மேலே வெள்ளிப் பெயிண்ட். பளபளவென்று இருந்தது. இரண்டு வாடைக்காலத்துக்குமேல் தாங்கவில்லை. அதன் பிறகுதான் கொரோனாவுக்கு முந்தைய வருடம், ராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் நடுக்குழாயையும் பின் டப்பாவையும் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்து மாட்டினேன். சந்தை டப்பாவின் விலையைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் ஆனது.

எவர்சில்வர் என்று சொல்லி விற்பதெல்லாம் ஒன்றில்லை. கார் கம்பெனிகள் நிறையப் போடுவது 409 ரகம், அதில் குரோமியம் 11 சதவீதம் அளவில்தான் இருக்கும். மேலே துரு நிறம் படியும், ஆனாலும் சட்டென்று பொத்தாது. 304-ல் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் அளவுக்கு இருக்கும். 316-ல் மாலிப்டினமும் சேர்ந்திருப்பதால் கடல் உப்புக்கு இன்னும் நன்றாகத் தாங்கும், விலையும் அதற்கேற்ப. கையில் ஒரு காந்தம் கொண்டு போங்கள். 304 என்று காட்டும் குழாயில் காந்தம் கெட்டியாக ஒட்டினால் அது 304 இல்லை. 409-ல் இரும்பில் ஒட்டுவதுபோலவே ஒட்டும், அதனால் 409-ஐயும் சாதாரண இரும்பையும் காந்தத்தால் பிரிக்க முடியாது. செலவு குறைக்கத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பில் வளைத்துத் தருவதாகச் சில இடங்களில் சொல்வார்கள். வேண்டாம். வெல்டு வைக்கும்போது துத்தநாகம் எரிந்து வரும் புகை வெல்டருக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும், பூச்சு போன இடத்தில் துருவும் சீக்கிரம் ஏறும்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்றேன். குழாயைக் கழற்றிக் கீழே வைத்துத்தான் வெல்டு வைக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது. வண்டியில் வைத்தே ஏதாவது பற்றவைக்க வேண்டி வந்தால் பேட்டரி நெகடிவைக் கழற்றாமல் விடக்கூடாது. தொங்கும் ரப்பர் அத்தனையும் புதிதாக மாற்றினோம். ரப்பர் தளர்ந்தால் மொத்தக் குழாயும் ஆடி, அந்த ஆட்டம் முன்னே பெல்லோஸில் போய் முடியும். பெல்லோஸ் கிழிந்தவர்கள் முதலில் ரப்பரைப் பாருங்கள். நட்டுகளுக்குப் பித்தளை போட்டுக் கொடுத்தார்கள், அடுத்த முறை கழற்றும்போது ஸ்டட் முறியாது.

அதே நேரத்தில் வேறோர் இடத்தில், “கேட் கன்வெர்ட்டரை எடுத்துட்டு நேர் பைப் போட்டுக்குங்க, பிக்கப் கூடும்” என்றார்கள். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது, அவர்களுக்கு அதில் காசு. நமக்குப் போவது, விஷப் புகையைத் தணிக்கும் முக்கியமான பாகம். மாசு விதியை மீறினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை போகும். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. எடுத்து ஆர்.சி.யைப் புதுப்பிக்கும்போதும் சிக்கல் வரும். எனக்குப் புதுப்பிப்பு சிரமமில்லாமல் முடிந்தது.

இத்தனை வருடத்தில் அந்த ஸ்டெயின்லெஸ் லைன் எப்படி இருக்கிறது? குழாய் நன்றாக இருக்கிறது. மேலே தேநீர்க் கறை மாதிரி பழுப்பு படிந்திருக்கிறது, சுரண்டினால் கீழே பளிச்சென்று உலோகம் தெரிகிறது. வெல்டு வைத்த தையலை ஒட்டிக் கொஞ்சம் துரு, அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடுகிறேன், அந்த பிரஷ்ஷும் ஸ்டெயின்லெஸ் கம்பியாக இருக்க வேண்டும். மோசமாக இருப்பது ஒரே இடம்: புதுக் குழாயும், குழாய்களை இணைக்கும் பழைய இரும்பு ஃபிளாஞ்சும் சேரும் இடம். இரண்டு உலோகம், நடுவே உப்பு ஈரம், அரிப்பு முழுக்க இரும்பின் தலையில் விழுகிறது. ஃபிளாஞ்சை ஒரு முறை மாற்றியாகிவிட்டது. சத்தம் முன்பைவிடக் கொஞ்சம் கணீரென்று இருக்கும், அது சிலருக்குப் பிடிக்காது. எனக்குப் பழகிவிட்டது.

கழுவுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் மாவட்டத்தில் அதுதான் சிக்கலே. தனுஷ்கோடி போய் அரிச்சல்முனை வரை ஓட்டிவிட்டு வந்தால் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும், சரி. எந்தத் தண்ணீரில்? வாட்டர் சர்வீஸில் பீய்ச்சி அடிப்பது போர் தண்ணீர், கரையோரம் பல இடத்தில் அது வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவுவதுதான். நான் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை ஏற்றுவேன். மதுரைப் பக்கம் போகும்போது அங்கே நல்ல தண்ணீரில் அடிக்கச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்துச் சைலன்ஸருக்கும் ஹீட் ஷீல்டு இடுக்குக்கும் மட்டும் ஊற்றுகிறேன். அந்த இடுக்கில் தனுஷ்கோடி மணல் கைப்பிடி அளவுக்கு அடைந்திருக்கும், குச்சியால் தட்டி எடுக்க வேண்டும். கழுவியதும் வண்டியை அப்படியே நிறுத்தாமல் ராமநாதபுரம் வரை ஓர் ஓட்டம் ஓட்டி வந்தால் வெளியேயும் உள்ளேயும் காய்ந்துவிடும்.

மண்டபத்திலோ கீழக்கரையிலோ இருந்துகொண்டு பழைய வண்டியை இன்னும் நாலைந்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் 304 போடுங்கள், அடிக்கடி மாற்றும் பாடு மிச்சம். ஒரே வருடத்தில் விற்கப் போகிறவருக்குச் சந்தை டப்பா போதும். பெல்லோஸை மட்டும் யாராக இருந்தாலும் நல்லதாகவே வாங்குங்கள். எனக்கு அடுத்த வேலை மேனிஃபோல்டு கேஸ்கெட். காலையில் குளிர்ந்திருக்கும்போது ‘டிக் டிக்’ என்று லேசாகக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. வாடை பிறப்பதற்குள் மாற்றிவிடச் சொல்லி அண்ணனிடம் வண்டியை விட்டிருக்கிறேன்.