செயலியில் தெரியும் விலையை நம்பிக் காயை ஏற்றிவிடாதீர்கள்

விளைச்சலை இடைத்தரகர் இல்லாமல் விற்றுத் தருவதாகச் சொல்லும் செயலி ஒன்றில் தக்காளி விற்றேன். பேசிய தொகையில் பாதிகூடக் கைக்கு வரவில்லை. செயலியின் பெயரைப் போடவில்லை. நடந்த விதத்தைத் தெரிந்துகொண்டால் போதும், வேறு பெயரில் வந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

ஆர்டர் உறுதியானதும் திரையில் கிலோவுக்கு நல்ல விலை காட்டியது. செங்காயாக, அதாவது பாதி பழுத்த நிலையில், பறிக்கச் சொன்னார்கள். தோட்டத்திலேயே எடை போட்டு லோடு ஏற்றினேன். அப்புறம் வந்த கணக்கில் எடை குறைவு. தரமும் ‘இரண்டாம் தரம்’ ஆகிவிட்டது. போதாததற்குத் தரம் பிரித்த கூலி, பெட்டி வாடகை, ஒதுக்கிய காயைக் கொட்டிய செலவு எல்லாம் என் தலையில். என் காயைக் கொட்டுவதற்கு நானே கூலி கொடுத்திருக்கிறேன்!

சூட்சுமம் எங்கே என்றால், விதிமுறைப்படி எடையும் தரமும் அவர்கள் கிடங்கில் பார்ப்பதுதான் செல்லும். பறித்த பிறகும் தக்காளி சுவாசிக்கும், ஈரம் இழக்கும், பழுத்துக்கொண்டே போகும். வழியில் கொஞ்சம் எடை குறைவது இயற்கை. அந்த நஷ்டம் முழுக்க விவசாயிக்கு என்பதுதான் அநியாயம். இன்னொன்று, செங்காயை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால் சீராகப் பழுக்காமல் போகலாம். திட்டுத்திட்டாக நிறம் ஏறி, சீக்கிரம் அழுகும். ‘தரமில்லை’ என்று அவர்கள் அனுப்பிய படங்களில் தெரிந்தது அப்படிப்பட்ட காய்தான். குளிர் அறையில் எத்தனை டிகிரியில் வைத்தீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. படத்தில் தேதி இல்லை, பெட்டியில் என் அடையாளமும் இல்லை. அது என் காய்தானா என்பதே சந்தேகம்.

புகார் செய்ய 24 மணி நேரம் உண்டாம். அந்த நேரம் சரக்கு இறங்கிய நிமிடத்திலிருந்து ஓடும். கணக்கு எனக்கு வந்ததே அது முடிந்த பிறகு. வாங்கியவரிடம் பேசுகிறேன் என்றால் எண் தர மாட்டார்கள். “நாங்கள் இணைப்பவர்கள் மட்டுமே” என்கிறார்கள். கமிஷன் பிடிக்கும்போது மட்டும் இணைப்பவராகத் தெரியவில்லை.

எல்லாத் தளமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். தோட்டத்திலோ பக்கத்துச் சேகரிப்பு மையத்திலோ உங்கள் கண்முன் எடை போட்டு, தரம் குறித்து, சீட்டு கொடுத்துச் சரக்கைப் பொறுப்பேற்கும் தளங்களும் உண்டு. லோடு ஏற்றுமுன் இதை மட்டும் எழுத்தில் கேளுங்கள்: ஏற்றிய பிறகு காய் யாருடையது? மழுப்பினால் விட்டுவிடுங்கள். அழுகும் பொருள் என்பதால் திருப்பி எடுக்க முடியாது, அது அவர்களுக்கும் தெரியும்.

கூடுதலாக ஒன்று. புகார் போட்ட பிறகு ‘நிறுவனத்திலிருந்து பேசுகிறேன்’ என்று ஒருவர் அழைத்தார். பாக்கியைத் திருப்பித் தர, தான் அனுப்பும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடச் சொன்னார். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. ஆர்டர் எண், வர வேண்டிய தொகை எல்லாம் அந்த ஆள் சரியாகச் சொன்னார், அதனால் உங்களுக்கும் நம்பத் தோன்றும். போனை வைத்துவிடுங்கள்.