ஒரு மூஞ்சிக்கு ரெண்டு ரேசரா?

போன பொங்கலுக்கு மச்சினன் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தான். குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே வரிசையாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன அத்தான், ஒரு மூஞ்சிக்கு ரெண்டு ரேசரா? சலூன் எதுவும் வைக்கப் போறியளா?" என்றான். அவனிடம் இருப்பது மூன்று பிளேடு வைத்த கார்ட்ரிட்ஜ் ரேசர். நாலு நிமிடத்தில் முகத்தை வழித்துவிட்டு வெளியே வந்துவிடுவான். "உன் கையில மூணு பிளேடு இருக்குல, என்கிட்ட ரெண்டுதான இருக்கு" என்றேன்.

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் யோசித்தால் விஷயமும் அதுதான். 1971இல் இரண்டு பிளேடு கார்ட்ரிட்ஜ் வந்தது, 1998இல் மூன்று, 2006இல் ஐந்து. ஒரே இழுப்பில் பல பிளேடுகள் அடுத்தடுத்து முடியைத் தொட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஒற்றை பிளேடு ரேசர்காரர்கள் அதையே சுற்றுச் சுற்றாகச் செய்கிறார்கள். முதல் சுற்று முடி சாய்ந்திருக்கும் பக்கமாக, அடுத்தது குறுக்கே, தேவைப்பட்டால் எதிராக ஒன்று. ஒவ்வொரு சுற்றுக்கும் புது நுரை. எல்லாச் சுற்றுக்கும் ஒரே ரேசர் போதுமா, இல்லை சுற்றுக்குச் சுற்று மாற்ற வேண்டுமா என்பதில்தான் வழக்கு.

இதைத் தீர்க்க மூன்று மாதம் என் முகத்தை இரண்டாகப் பங்கு வைத்தேன். இடது கன்னத்துக்கு ஒரே ரேசர், வலது கன்னத்துக்கு இரண்டு. வலதுகைக்காரனுக்கு வலது கன்னம் கொஞ்சம் சுலபம் என்பதால் வாரத்துக்கு ஒருமுறை பக்கத்தை மாற்றிக்கொண்டேன். நீதிபதி படிகாரக் கட்டி. சவரம் முடிந்து ஈர முகத்தில் தேய்த்தால் எங்கே தோல் உரசப்பட்டிருக்கிறதோ அங்கே எரியும். பொய் சொல்லாது.

முதலில் ஒரே ரேசர் கட்சி. சாதாரண இரட்டை முனை பிளேடு போடும் சேஃப்டி ரேசர், பிளேடுக்குக் கீழே வழுவழுப்பான பட்டை உள்ள வகை. தினமும் சவரம் செய்கிறவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம், வாதமே கிடையாது. ஒரு நாள் முடிக்கு இரண்டாவது ரேசரை எடுப்பது இட்லியைக் கத்தியால் அறுத்துத் தின்பது மாதிரி. இரண்டு கன்னத்துக்கும் கடுகளவு வித்தியாசம் தெரியவில்லை. கழுவ வேண்டிய சாமான்தான் ஒன்று கூடியது.

ஆனால் நம் பக்கத்து வீடுகளில் தினமும் சவரம் எங்கே நடக்கிறது? செவ்வாய் கூடாது, வெள்ளி கூடாது, அமாவாசை கூடாது, கிருத்திகை கூடாது. அம்மா இருக்கிற வீட்டில் ரேசரை எடுக்கும் முன் காலண்டரைப் பார்க்க வேண்டும். சோம்பலும் சேர்ந்தால் மூன்று நாள், நாலு நாள் முடி சர்வசாதாரணம். அங்கேதான் ஒற்றை ரேசர் திணற ஆரம்பித்தது. பட்டை வைத்த மென்மையான ரேசர் முதல் சுற்றில் முடியைப் பிடித்து இழுக்கிறது, ரேசர் தலையில் முடி அடைத்துக்கொள்கிறது. சரி என்று பட்டைக்குப் பதில் சீப்புப் பல் வைத்த, பிளேடு நன்றாக வெளியே நீட்டியிருக்கும் ரேசரை எடுத்தால் முதல் சுற்று வெண்ணெய். அதே ரேசரோடு இரண்டாவது சுற்றில் எதிராகப் போனால், குரல்வளைக்குப் பக்கத்தில் படிகாரம் போட்ட எரிச்சலில் ஒற்றைக் காலில் நின்றேன்.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. முதல் சுற்றில் பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே முடி இருக்கிறது. இரண்டாவது சுற்றில் கிட்டத்தட்ட வெறும் தோல். மிச்சமிருக்கும் கட்டையும் அதற்குள் வெந்நீரிலும் நுரையிலும் ஊறி மெத்தென்று ஆகியிருக்கும். ஆக முதல் சுற்று அறுவடை, இரண்டாவது சுற்று களையெடுப்பு. அரிவாளையும் களைக்கொத்தியையும் ஒன்றாக்க முடியாது. வரிசையை மாற்றி மென்மையானதை முதலிலும் கடுமையானதை இரண்டாவதாகவும் வைத்தும் பார்த்தேன். அதைப் பற்றி எழுத மனமில்லை.

இதற்கு இடைவழியாக ஒரு சாமான் உண்டு. கைப்பிடியைத் திருகினால் பிளேடுக்கும் பட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடிக் குறையும் ரேசர். கில்லெட் 1950களின் இறுதியிலேயே 1 முதல் 9 வரை எண் போட்டு இதை விற்றது, ஜெர்மன்காரர்கள் இன்னும் செய்கிறார்கள். நண்பர் ஒருவரிடம் இருப்பதை, என் பிளேடைப் போட்டு ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். முதல் சுற்றுக்கு எண்ணைக் கூட்டி, அடுத்ததற்குக் குறைத்தால் ஒரு ரேசருக்குள் இரண்டு ரேசர். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒரு குறை. கோணமும் இடைவெளியும் மாறுகிறதே தவிர பிளேடு அதேதான். முரட்டு முடியை வெட்டிக் களைத்த அந்த முனையை வைத்துத்தான் கழுத்தில் எதிராகப் போக வேண்டும். பிளேடு எஃகைவிட முடி சுமார் 50 மடங்கு மென்மை. அப்படியிருந்தும் முடி வளைந்துகொடுக்கும்போது முனையில் கண்ணுக்குத் தெரியாத சில்லுகள் பெயர்கின்றன என்று அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் 'சயின்ஸ்' இதழில் காட்டினார்கள். இரண்டு ரேசர் வைத்திருந்தால் இந்தச் சேதமெல்லாம் முதல் ரேசரோடு போய்விடும். பிளேடு செலவும் இரட்டிப்பாகவில்லை. ஒற்றை ரேசரில் நாலு சவரத்தில் தூக்கிப் போட்ட பிளேடு, இரண்டாவது ரேசரில் ஏழு எட்டு வரை வருகிறது.

அப்புறம் கத்தி. தொண்ணூறுகளில் எய்ட்ஸ் பற்றிய பேச்சு பரவியபோது தோல்வாரில் தீட்டும் பழைய கத்தி சலூன்களைவிட்டுப் போய், பிளேடைக் காகிதத்தோடு இரண்டாக ஒடித்துப் பாதியைச் செருகும் கத்தி வந்தது. முதல் சுற்றுக்கு இதற்கு ஈடு கிடையாது. பல், பட்டை, தடுப்பு எதுவும் இல்லாததால் அடைக்க இடமே இல்லை, எவ்வளவு நீள முடியானாலும் வழித்துத் துடைத்துக்கொண்டே போகலாம். ஒரு பிளேடு இரண்டு தடவைக்கு வேறு ஆகிறது. ஆனால் கை பழக வேண்டும். எனக்கு ஒரு மாதமும் காதோரம் இரண்டு கீறலும் ஆனது. இன்றைக்கும் மோவாய்க்கட்டையின் வளைவில் கத்தியை நம்புவதில்லை.

மாலை போட்டவர்களுக்குத்தான் இந்தக் கத்தி-ரேசர் ஜோடி அசலாகப் பயன்படும். 41 நாள் தாடியோடு செங்கோட்டை வழியாகத் திரும்பி வருகிறவன் கையில் ஒற்றை ரேசரைக் கொடுத்தால், முகத்தில் இருக்கும் நேரத்தைவிட அது தண்ணீரில் இருக்கும் நேரம்தான் அதிகம். கத்தரியால் ஒட்ட நறுக்கி, கத்தியால் ஒரு சுற்று இறக்கி, பிறகு மென்மையான ரேசரால் ஒரு சுற்று. போன மாசம் சலூனில் இதைச் சொன்னபோது கடைக்காரர் சிரித்தார். "ரெண்டு ஆயுதம் எதுக்கு சார்? ஒங்க இடது கை சும்மாத்தான இருக்கு, தோல இழுத்துப் பிடிங்க." அவர் ஒரே கத்தியில் இரண்டு சுற்றும் போடுகிறவர், போட்டபின் படிகாரமும் எரிவதில்லை. அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் அவர் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முகம் பார்க்கிறார். எனக்கு வாய்த்தது ஒன்றே ஒன்று.

இரண்டாவது ரேசராக எது என்பதில்தான் நானே எதிர்பார்க்காத முடிவு. பல பிளேடு கார்ட்ரிட்ஜை முதலில் தள்ளிவிட்டேன். முன்னால் போகும் பிளேடு முடியை இழுக்க, பின்னால் வருவது வெட்ட, வெட்டுப்பட்ட முனை தோலுக்குள் பதுங்கிக்கொள்கிறது. சுருள்முடிக்காரர்களுக்கு அது திரும்ப வளரும்போது தோலையே குத்திப் பரு பருவாக எழும்பும். என் கழுத்து அந்த ரகம். நண்பரிடம் வாங்கிப் பார்த்த அந்த ஜெர்மன் ரேசர் இரண்டாவது சுற்றை அழகாக முடித்தது, மறுக்கவில்லை. ஆனால் 2010இல் கில்லெட் நம் நாட்டுக்கென்றே 15 ரூபாய்க்கு இறக்கிய ஒற்றை பிளேடு 'கார்ட்' இருக்கிறதே, மாற்றுத் தலை அப்போது 5 ரூபாய், அதை வைத்துப் பார்த்தேன். முதல் சுற்றுக்கு மூன்று நாள் முடியில் அது எனக்குச் சரிப்படவில்லை. கத்திக்குப் பின்னால் இரண்டாவது சுற்றில் மூக்குக்குக் கீழும் தொண்டைக்குழியிலும் ஜெர்மன் ரேசருக்குச் சமமாக நின்றது. எடையே இல்லாததால் அழுத்தவும் தோன்றவில்லை. இந்த உண்மை எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இந்தக் கணக்கெல்லாம் பாளையங்கோட்டைக் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீருக்கு. மாமனார் ஊர் ராதாபுரம் பக்கம், போர் தண்ணி உப்பு. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் தயிர் மாதிரி திரிந்து, முதல் கன்னம் முடிவதற்குள் இரண்டாவது கன்னத்தில் காய்ந்துவிடும். நுரை இல்லாத இடத்தில் ரேசர் இரண்டு என்ன, நாலு இருந்தாலும் எரிச்சல்தான் மிச்சம். அங்கே போனால் ஒரே ரேசர், ஒரே சுற்று, ஒரு டம்ளர் கேன் தண்ணீர். அந்தக் கேன் தண்ணீருக்கும் மாமியார் ஒரு பார்வை பார்ப்பார்.

மச்சினன் இந்த வருஷம் மாலை போட்டிருக்கிறான். மலைக்குப் போய்விட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வருகிறானாம், அந்தக் கத்தியை எடுத்து வைக்கச் சொல்லி போன் பண்ணினான். கைப்பிடியை வெந்நீரில் போட்டு வைக்கிறேன், பிளேடை நீ புதுசாக வாங்கிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.