பொயின்றுக்குப் பதில் மொடியூல்: மட்டக்களப்பில் பழைய மொறிஸ் வைத்திருப்பவர்கள் வாங்கலாமா?

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, பழைய மினி போன்ற கார்களுக்கென்று விற்கப்படும் எலக்ரோனிக் இக்னிஷன் செற்றைப் பற்றியது இந்த விமர்சனம். ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கிடும் லூக்காஸ் 25டி4 டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும், மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் கொன்ராக்ட் பொயின்றையும் அதில் பறக்கும் பொறியை அடக்கும் கொண்டென்சரையும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சின்ன மொடியூல் ஒன்றையும் நான்கு காந்தம் பதித்த வளையம் ஒன்றையும் பூட்டுவார்கள். டிஸ்ரிபியூட்டரின் மூடியான கப்பைப் போட்டு மூடினால் வெளியில் தெரிவது இரண்டு வயர் மட்டுந்தான். காரின் பழைய தோற்றம் கெடாது.

நல்ல சாமான். ஆனால் இங்கே பலர் இதை வாங்குவது கார் வழியில் நின்றுவிடுகிறது என்பதற்காக. இந்தச் செற் மாற்றுவது பொயின்ற், கொண்டென்சர் இரண்டையும் மட்டுமே. கார் நிற்பதற்குக் காரணம் வேறு எங்காவது இருந்தால், காசும் போகும், காரும் நிற்கும். ஆகவே செற்றின் குணம் குறை சொல்வதற்கு முன்னால், எஞ்சின் ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதைச் சொல்லியாக வேண்டும்.

எப்படி நின்றது என்பதைக் கவனியுங்கள். சாவியைத் திருப்பி நிறுத்தியதுபோல் ஒரே வெட்டில் நின்றால் இக்னிஷன். இழுவை குறைந்து, இருமி, குலுங்கி, மிதிக்க மிதிக்க இறங்கிப்போய் நின்றால் பெற்றோல். அடுத்தது, நின்ற கையோடு பார்க்க வேண்டும். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் போகும்போது கச்சான் காற்று வெக்கையில் நின்ற கார், மர நிழலில் அரை மணித்தியாலம் ஆறினால் ஒன்றும் நடவாததுபோல் ஸ்ரார்ட் ஆகும். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பொனட்டைத் திறந்தால் குற்றம் ஒளிந்திருக்கும்.

ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்ற்றைத் தரும் கொயிலிலிருந்து கப்பின் நடுவுக்கு வரும் தடித்த வயரைக் கழற்றி, பிளாஸ்ரிக் கைப்பிடி போட்ட குறட்டால் பிடித்து, அதன் முனையை எஞ்சின் இரும்பிலிருந்து 6 மில்லிமீற்றர் தூரத்தில் வைத்துக்கொண்டு ஒருவரைச் செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பெற்றோல் கசிவு இல்லை என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 'டிக் டிக்' என்ற சத்தத்தோடு நீலமாகப் பாய்ந்தால் கொயில் வரைக்கும் எல்லாம் சரி. பழுது கப்பிலோ, அதற்குள் சுழன்று ஸ்பார்க்கைப் பங்கிடும் றோட்டரிலோ, பிளக்கிலோ, பெற்றோலிலோ இருக்கிறது. மஞ்சளாக, மெல்லியதாக வந்தால் கொண்டென்சரையும் கொயிலையும் சந்தேகிக்கலாம். ஸ்பார்க்கே இல்லை என்றால் 12 வோல்ற் ரெஸ்ற் பல்ப் ஒன்றை எடுங்கள். ஒரு முனையை எர்த்தில், அதாவது எஞ்சின் இரும்பில், கொளுவி, சாவியை ஒன் பண்ணி, கொயிலில் எஸ்டபிள்யூ என்று குறித்த முனையைத் தொடுங்கள். பல்ப் எரியாவிட்டால் இக்னிஷன் சுவிச்சிலிருந்து வரும் வெள்ளை வயரில் பழுது. பற்றரியிலிருந்து அந்த முனைக்கு நேராக ஒரு வயர் கொடுத்துப் பாருங்கள். கார் ஓடினால் சுவிச்சோ இடையிலுள்ள ஒரு மூட்டோ குற்றவாளி. அங்கே பல்ப் எரிந்தால் கொயிலின் மற்றச் சிறு முனையான சிபி முனைக்கு மாற்றிச் செல்ப் அடியுங்கள். விட்டுவிட்டு எரிந்தால் பொயின்ற் வேலை செய்கிறது. எரிந்தபடியே இருந்தால் பொயின்ற் மூடவில்லை, அல்லது அழுக்கு, அல்லது எர்த் அறுந்திருக்கிறது. ஒருபோதும் எரியாவிட்டால் கொயிலின் உட்சுற்று அறுந்திருக்கலாம். அல்லது கொண்டென்சரோ உள்வயரோ டிஸ்ரிபியூட்டர் உடலில் முட்டி ஷோர்ட் ஆகியிருக்கலாம்.

சூட்டில் மட்டும் நிற்கிற காருக்குக் கொயிலின் மேல் ஈரத்துணி ஒன்றைச் சுற்றிப் பார்ப்பது பழைய வழி, இன்றைக்கும் சரியான வழி. துணி போட்டுச் சில நிமிடத்தில் ஸ்பார்க் திரும்பினால் கொயில் போய்விட்டது. பலாஸ்ற் என்ற வெளித் தடை இல்லாத 12 வோல்ற் கொயிலின் இரு சிறிய முனைகளுக்கும் இடையில் மல்டிமீற்றர் ஏறத்தாழ 3 ஓம் காட்ட வேண்டும். ஆறிய கொயில் சரியாகக் காட்டிவிட்டுச் சூட்டில் அறுந்து நிற்கும். எனவே அளவைச் சூடாக இருக்கும்போதே எடுங்கள்.

இப்போது வரும் மலிவான கொண்டென்சர்கள் கொயிலைவிட அதிகம் தொல்லை தருகின்றன. கொண்டென்சர் போய்விட்டதென்றால் பொயின்ற் திறக்கும் இடத்தில் பெரிய மஞ்சள் பொறி பறக்கும்; பொயின்றின் முகம் கறுத்து, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக வரும். டிஸ்ரிபியூட்டருக்குள் எஞ்சின் சூடு படும் இடத்தில்தான் அது இருக்க வேண்டும் என்றில்லை. நல்ல கொண்டென்சர் ஒன்றை வெளியே கொயிலின் தாங்கியில் பூட்டி, வயரைச் சிபி முனைக்குக் கொடுத்தால் அதே வேலையைச் செய்யும், சூடும் குறைவு. இந்தச் சின்ன மாற்றத்தால் செற் வாங்கும் தேவையே இல்லாமல் போகும் கார்கள் உண்டு.

றோட்டரைச் சோதிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நடுவில் ஆணி அடித்த றோட்டரில் மின்சாரம் அந்த ஆணி வழியே ஷாப்ற்றுக்கு இறங்கி எர்த் ஆகிவிடும். கப்பைக் கழற்றி, றோட்டரை அதன் இடத்தில் விட்டு, கொயில் வயரின் முனையைப் பித்தளைத் தகட்டுக்கு மேலே 3 மில்லிமீற்றரில் பிடித்துச் செல்ப் அடியுங்கள். தகட்டுக்கு ஸ்பார்க் பாய்ந்தால் றோட்டர் கசிகிறது. பாயக்கூடாது.

பொயின்றைத் தாங்கும் தட்டையும் டிஸ்ரிபியூட்டர் உடலையும் இணைக்கும் ஒரு சிறிய துணிப்பின்னல் எர்த் வயர் இருக்கிறது. அரை விரல் நீளம்கூட வராது. அக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சினின் உறிஞ்சல் (வக்கியூம்) அந்தத் தட்டை இழுக்கும், விடும்போது தட்டு திரும்பும். ஒவ்வொரு தடவையும் அந்த வயர் மடிந்து நிமிர்கிறது. பல வருடம் மடிந்து உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசியில் மேலுறை மட்டும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். பார்வைக்கு முழு வயர். தட்டு ஒரு பக்கம் திரும்பும்போது தொடர்பு இருக்கும், மறுபக்கம் போனால் இருக்காது. காத்தான்குடி பிரதான வீதியில் ஊர்ந்து போகையில் நன்றாக ஓடி, வெளி வீதியில் மிதித்ததும் வெட்டுகிற கார்களில் முதலில் இதைப் பாருங்கள். வயரின் நடுவை இரு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தால் அறுந்தது ரப்பர்போல் நீளும். பொயின்றுக்குப் போகும் உள்வயருக்கும் இதே வருத்தம் வரும்.

எஞ்சினுக்கும் காரின் பொடிக்கும் (உடலுக்கும்) இடையிலுள்ள பெரிய எர்த் பட்டி, கல்லடி, நாவலடி போல் கடலும் வாவியும் அணைத்த இடங்களில் உப்புப் பூத்துத் தின்னப்படுகிறது. மல்டிமீற்றரை வோல்ற்றில் வைத்து, ஒரு முனையை எஞ்சின் இரும்பிலும் மற்றதைப் பற்றரியின் எர்த் முனையிலும் பிடித்துச் செல்ப் அடியுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் பட்டியைக் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை எமரித் தாளால் தேய்த்து, பூட்டியபின் கிறீஸ் பூசுங்கள்.

பெற்றோல் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். நின்றதும் ராங்க் மூடியைத் திறவுங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. எஸ்யூ என்ற மின்சாரப் பெற்றோல் பம்ப் உள்ள காரில் காபுரேற்றரில் குழாயைக் கழற்றிப் போத்தலுக்குள் விட்டுச் சாவியை ஒன் பண்ணினால், ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ அரை லீற்றர் வர வேண்டும். குறைந்தால் வடி (பில்ரர்), பம்பின் பொயின்ற், ராங்கின் துரு என்று போங்கள்.

இத்தனையும் பார்த்து, பழுது பொயின்றிலோ கொண்டென்சரிலோதான் என்று உறுதியானால் செற் வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

வாங்கும்போது நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் எர்த்தின் திசை. மொறிஸ் மைனர் உற்பத்தி முடியும்வரை பொசிற்றிவ் எர்த்தாகவே, அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனை பொடியில் பூட்டியபடியே, வந்தது. செற்றுகள் இரண்டு வகையாக விற்கப்படுகின்றன. நெகற்றிவ் எர்த் மொடியூலைப் பொசிற்றிவ் எர்த் காரில் கொடுத்தால் சாவியைத் திருப்பியதும் எரிந்துவிடும். உங்கள் கார் இடையில் யாரோ ஒருவரால் மாற்றப்பட்டும் இருக்கலாம். பற்றரியின் எந்த முனை பொடியோடு பூட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நெகற்றிவ்வுக்கு மாற்றுவதானால் பற்றரியைத் திருப்புவது மட்டும் போதாது. கொயிலின் இரண்டு சிறு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும், இல்லையேல் பிளக்கில் ஸ்பார்க் தலைகீழாகப் பாய்ந்து பலம் குறையும். டைனமோவின் எஃப் முனையிலிருந்து வயரைக் கழற்றி, பற்றரியின் பொடியில் பூட்டாத (உயிர்) முனையிலிருந்து ஒரு வயரால் அந்த முனையைக் கணநேரம் சில தடவை தொட்டு, புதுத் திசைக்குப் பழக்க வேண்டும். டயோட் வைத்த பிந்திய எஸ்யூ பம்ப் இருந்தால் அதையும் பாருங்கள், அது திசை மாறினால் கெடும்.

பூட்டுவது கடினமில்லை. எஞ்சினை 1ஆம் சிலிண்டர் ஸ்பார்க் வரும் இடத்தில் நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். தட்டைத் துடைத்து, எர்த் வயர் நல்லதா என்று மீண்டும் பார்த்து, மொடியூலைப் பூட்டுங்கள். பல மொடியூல்களுக்கு எர்த் கிடைப்பது அந்தத் தட்டு வழியாகத்தான் என்பதால், பழைய வருத்தம் புதுச் சாமானுக்கும் அப்படியே தொற்றும். காந்த வளையம், பொயின்றைத் தள்ளித் திறந்த காமின் மேல் இறுக்கமாக உட்கார வேண்டும். வளையம் வந்ததால் றோட்டர் சற்று உயர்ந்து நிற்கும். கப்பை மூடி, கையால் எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றி, எங்கும் உரசவில்லை என்று பார்க்காமல் செல்ப் அடிக்காதீர்கள். உரசினால் கப் உடையும், றோட்டரும் போகும். பின்பு டைமிங்கை, அதாவது ஸ்பார்க் வரும் நேரத்தை, டைமிங் லைற்றால் புதிதாக வையுங்கள். பொயின்றுக்கு வைத்த பழைய டைமிங் இதற்குப் பொருந்தாது.

செம்பு வயர் பிளக் லீட் வேண்டாம். அதன் இரைச்சல் மொடியூலைக் குழப்பும். காபன் லீட் போடுங்கள், அல்லது என்ஜிகே பிபிஆர்6ஈஎஸ் போன்ற ரெசிஸ்ரர் உள்ள பிளக்கை 0.025 அங்குல இடைவெளியில் போடுங்கள்.

ஓட்டத்தில் வித்தியாசம் தெரிகிறது. காலையில் அரைச் சுற்றில் பற்றுகிறது, ஐட்லிங் சீராக நிற்கிறது. டிஸ்ரிபியூட்டர் ஷாப்ற் சற்றுத் தேய்ந்து ஆடினாலும் பொயின்றைப்போல் டைமிங் அலையாது. பொயின்ற் காரில் காமோடு உரசும் குதி தேய்ந்து இடைவெளி குறையக் குறைய டைமிங் பிந்திப்போகும், 0.014 முதல் 0.016 அங்குலத்துக்குள் அடிக்கடி பீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் தகட்டால்) பிடிக்க வேண்டியிருக்கும். அந்த வேலை இனி இல்லை. வேகம் கூடும், பெற்றோல் பாதியாகும் என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். நன்றாகச் செற் பண்ணிய பொயின்றோடு ஒப்பிட்டால் இழுவையில் பெரிய மாற்றம் இல்லை.

குறைகளும் உண்டு. எஞ்சின் ஓடாமல் சாவி ஒன்னில் இருந்தால் மொடியூலும் கொயிலும் சூடேறிக் கெடும். மாமாங்கத் தீர்த்தத்தன்று நெரிசலில் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை விட்டுப் பாட்டுக் கேட்பவர்கள் கவனிக்க. பற்றரி இறங்கி, செல்ப் அடிக்கையில் வோல்ற் மிகவும் விழுந்தால் சில மொடியூல்கள் ஸ்பார்க் தராது. தள்ளி ஸ்ரார்ட் பண்ணினாலும் சிரமம். கொயில் 1.5 ஓமுக்குக் குறைந்ததாக இருந்தால் சாதாரண மொடியூல் தாங்காது. எல்லாவற்றையும்விடப் பெரியது, பொயின்ற் கெடும்போது முன்கூட்டியே சொல்லிக்கொண்டு கெடும், எமரித் தாளால் தேய்த்து வீடு வந்து சேரலாம். மொடியூல் சொல்லாமல் போகும், மகா ஓயா ஏற்றத்தில் அதைத் திருத்த எவராலும் முடியாது. கழற்றிய பொயின்ற், கொண்டென்சர், அவற்றின் திருகாணிகளை எண்ணெய்க் கடதாசியில் சுற்றிக் காரிலேயே வையுங்கள். இருபது நிமிட வேலையில் திரும்பவும் பொயின்றுக்கு மாறலாம்.

மாரியில் கப்புக்குள் ஈரம் பிடித்து எஞ்சின் வெட்டுவதை இந்தச் செற் தீர்க்காது. மினியில் டிஸ்ரிபியூட்டர் கிறில்லுக்குப் பின்னாலேயே இருப்பதால் வெள்ளம் தெறித்து முதலில் நனைவதும் அதுதான். கப்பின் உட்புறத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும் மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், துடைத்துப் பயனில்லை, கப்பை மாற்றுங்கள்.

தினமும் வேலைக்கு ஓடுகிற காருக்குத் தாராளமாக வாங்கலாம். கண்காட்சிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கிற காருக்கு, நல்ல பொயின்ற் ஒன்றும் வெளியே பூட்டிய கொண்டென்சரும் போதும், காசும் மிச்சம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் சொல்லி எடுப்பிக்கிறவர்கள் "மொறிஸ் மைனருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். 1962இல் வந்த 1098 சிசி எஞ்சினில் பெரும்பாலும் 25டி4 இருக்கும். முந்திய 948 சிசி எஞ்சின்கள் பலவற்றில் டிஎம்2. எஞ்சினோ டிஸ்ரிபியூட்டரோ மாறிய கார்களில் 45டி4 கூட இருக்கலாம். ஒன்றின் மொடியூல் மற்றதில் உட்காராது. டிஸ்ரிபியூட்டர் உடலின் பக்கவாட்டில் இலக்கம் குத்தியிருக்கும். கிறீஸைத் துடைத்து, அதைப் படமெடுத்து, எர்த்தின் திசையையும் எழுதிக் கடைக்கு அனுப்புங்கள்.