சுவர் சுவிட்சா, ஸ்மார்ட் பிளக்கா? அணைத்த பிறகும் ஓடும் மின்சாரத்தை எதைக் கொண்டு நிறுத்துவது

எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு டிவி அலமாரி செய்தபோது, பிளக் பாயிண்ட் வெளியே தெரியக்கூடாது என்று தச்சரிடம் சொன்னவன் நான்தான். அவரும் சொன்னபடியே செய்துகொடுத்தார். இப்போது அந்தச் சுவிட்சைத் தொட வேண்டுமென்றால் தரையில் மண்டியிட்டு, பலகைக்கும் சுவருக்கும் நடுவே முழங்கை வரை கையை நுழைக்க வேண்டும். சிங்கப்பூர் வீடுகளில் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் அதற்கென ஒரு சுவிட்சும் இருக்கிறது. பல நாடுகளில் இந்த வசதி கிடையாது. அதைப் பலகை வைத்து மூடிவிட்டு, அதே வேலையைக் கைபேசியிலிருந்து செய்ய, இருபது வெள்ளி கொடுத்து ஸ்மார்ட் பிளக் என்ற இன்னொரு கருவி வாங்குகிறோம்.

என் மாமியாருக்கு இந்தச் சிக்கலே இல்லை. கை எட்டுகிற எல்லாச் சுவிட்சுகளையும் இரவு பத்து மணிக்கு அணைத்துவிடுவார். நண்பரிடம் இரவல் வாங்கி வந்த வாட் மீட்டரை ஒவ்வொரு பொருளாகச் செருகிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "அணைத்தால் போகிறது மாப்பிள்ளை, இதற்கு ஒரு மீட்டர் வேறா?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் எதை அணைத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாமல்தான் பலரும் கைபேசி சார்ஜரைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்குக்கு ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. ஒரு வாட் மின்சாரம் ஆண்டு முழுவதும் நிற்காமல் ஓடினால் 8.76 யூனிட். இங்கே மின்சாரம் வழங்கும் எஸ்பி குழுமத்தின் கட்டணம் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாறுகிறது. நான் யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொண்டேன். அப்படியானால் ஒரு வாட்டின் விலை ஆண்டுக்கு ஏறக்குறைய 2 வெள்ளி 60 காசு. எந்தத் தீர்வையும் இந்த எண்ணோடு உரசிப் பார்க்கலாம்.

செருகியபடியே விட்டிருந்த கைபேசி சார்ஜருக்கு மீட்டர் 0.0 என்று காட்டியது. (மலிவான மீட்டர்கள் ஒரு வாட்டுக்குக் கீழே துல்லியமாக அளப்பதில்லை, பூஜ்யம் என்றால் மிகக் கொஞ்சம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.) பழைய கனமான அடாப்டர் கதை வேறு. உள்ளே இரும்பும் செம்புச் சுருளுமாக இருக்கும் அந்த வகையைத் தொட்டுப் பார்த்தாலே வெதுவெதுப்பாக இருக்கும். சும்மா இருக்கும் அடாப்டர் சுடுகிறதென்றால் அது மின்சாரம் குடிக்கிறது என்று பொருள். அதற்கு மீட்டரே வேண்டாம்.

புதிய சாதனங்கள் இவ்வளவு அடக்கமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. உறங்கும் சாதனம் ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற யோசனையை அனைத்துலக எரிசக்தி அமைப்பு 1999இல் முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் பெரும்பாலான வீட்டுச் சாதனங்களுக்கு அரை வாட், கடிகாரம் போன்ற திரை எரிந்தால் ஒரு வாட் என்று வரம்பு வைத்தது. ஐரோப்பாவுக்கு ஒரு மாதிரி, நமக்கு ஒரு மாதிரி என்று தனித்தனியாகச் செய்வது தயாரிப்பாளர்களுக்குக் கட்டுப்படியாகாது. அதன் பலன் நம் வரவேற்பறைக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் அந்த வரம்புகளுக்குப் பக்கத்திலேயே ஒரு பின்கதவு இருக்கிறது. எங்கள் டிவியை ரிமோட்டில் அணைத்ததும் மீட்டர் 14 வாட்டில் போய் நின்றது. அரை வாட் எங்கே, 14 வாட் எங்கே? அமைப்புகளுக்குள் தேடியபோது, 'விரைவுத் தொடக்கம்' என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதை நிறுத்தினேன். சில நிமிடங்களில் எண் சரிந்து 0.4க்கு வந்தது. ஒரு நாளில் 19 மணி நேரம் டிவி அணைந்திருக்கிறது என்று கொண்டால், அந்த ஒரு தேர்வு மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 28 வெள்ளி. செலவு எதுவும் இல்லை. டிவி உயிர்பெறக் கூடுதலாகப் பத்து வினாடி ஆகிறது, அவ்வளவுதான். மகனின் விளையாட்டுக் கருவியிலும் இதே போன்ற ஒரு 'உடனடித் தொடக்கம்' 10 வாட் எடுத்துக்கொண்டிருந்தது. ஆகவே அமைப்புகளை மாற்றுவதுதான் என் பட்டியலில் முதல் இடம். இதைப் பெரிதாகப் பேசுவோர் குறைவு, விற்பதற்கு இதில் பொருள் எதுவும் இல்லை என்பதாலோ என்னவோ.

இதற்குப் பிறகு ஸ்மார்ட் பிளக்குக்கு அந்த டிவியில் என்ன வேலை மிச்சம்? 0.4 வாட்டை மிச்சப்படுத்த வேண்டும். ஆனால் வைஃபையோடு எப்போதும் தொடர்பில் இருக்க அதற்கே ஒரு வாட் அளவுக்குத் தேவைப்படுகிறது. காவலாளியின் சம்பளம் களவுபோகும் பொருளைவிட அதிகம். ஸ்மார்ட் பிளக் நியாயப்படுகிற இடங்களும் உண்டு. கேபிள் பெட்டி அப்படி ஒன்று. எங்கள் பெட்டி 'அணைந்த' நிலையில் 11 வாட் எடுத்தது. அமைப்புகளில் மாற்றுவதற்கும் ஒன்றுமில்லை. முழுவதும் துண்டித்தால் ஆண்டுக்கு 23 வெள்ளி வரை மிஞ்சும். ஆனால் அதற்கும் ஸ்மார்ட் பிளக்கைவிட நல்ல வழி இருக்கிறது.

அதுதான் தனித்தனிச் சுவிட்ச் வைத்த எக்ஸ்டென்ஷன். அலமாரிக்குப் பின்னால் இருக்கும் பிளக்கிலிருந்து ஒரு வடத்தை முன்னே இழுத்து, பெட்டிக்கு ஒன்று, விளையாட்டுக் கருவிக்கு ஒன்று, ஒலிபெருக்கிக்கு ஒன்று என்று ஓரத்தில் வைத்துவிட்டேன். கால் பெருவிரலாலேயே அணைத்துவிடலாம். இதற்கென்று சொந்த மின்செலவு கிடையாது. சுவிட்சில் மினுக்கும் சிவப்பு விளக்கைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. வாங்கும்போது பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எக்ஸ்டென்ஷனில் இன்னொன்றைச் செருகுவது கூடவே கூடாது.

டிவி அணைந்தால் மற்றவற்றைத் தானே துண்டிக்கும் எக்ஸ்டென்ஷனும் உண்டு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. பெட்டி நள்ளிரவில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துகொண்டிருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் மின்சாரம் போகும். எனக்கு ஒத்துவரவில்லை.

எல்லாவற்றையும் சுவரில் அணைப்பதே உத்தமம் என்ற கட்சிக்காரர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். ஓலெட் டிவி, ரிமோட்டில் அணைத்த பிறகுதான் தன் திரையைச் சீர்செய்துகொள்கிறது. அந்த நேரத்தில் மின்சாரத்தைப் பிடுங்கக்கூடாது. மை பிரிண்டரை அதன் பொத்தானில் அணைத்தால்தான் மைமுனை மூடிக்கொள்ளும். சுவரில் அணைத்தால் முனை காய்ந்து, மறுபடி சுத்தம் செய்யும்போது வீணாகும் மையின் விலை மின்கட்டணத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். மூன்றாவது குளிரூட்டி. சில மாடல்கள் ரிமோட்டில் அணைத்த பிறகும் சிறிது நேரம் காற்றை ஓடவிட்டு உட்புறத்தை உலர்த்துகின்றன. நம் ஊர் ஈரப்பதத்தில் அதைத் தடுத்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். காற்று வெளிவரும் வாயிலுள்ள மூடிகள் அசையாமல் நின்ற பிறகு சுவரில் அணைக்கலாம். ரௌட்டரை நான் தொடுவதில்லை. இரவு ஏழு மணி நேரம் அணைத்தால் ஆண்டுக்கு எட்டு வெள்ளிகூட வராது. காலையில் வீட்டார் எழுப்பும் கூக்குரலுக்கு அது ஈடாகாது.

கடைசியாக மீட்டரைச் செருகிய பொருள்தான் என்னைத் திகைக்க வைத்தது. சமையலறையில் வெந்நீரை நாளெல்லாம் சூடாகவே வைத்திருக்கும் மின்குடுவை. அது சொல்லப்போனால் ஸ்டாண்ட்பையே (அணைத்த பிறகும் ஓடும் மின்சாரமே) அல்ல, தன் வேலையைத்தான் செய்கிறது. ஆனால் யாரும் குடிக்காத நேரத்திலும் செய்துகொண்டே இருக்கிறது. 24 மணி நேரம் மீட்டரில் விட்டுப் பார்த்தேன்: 0.9 யூனிட். அதில் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தேவைப்படுவது கால் யூனிட்தான். மிச்சமெல்லாம் ஆறாமல் காப்பதற்கு. ஆண்டுக்கு 70 வெள்ளி. டிவி, கேபிள் பெட்டி இரண்டையும் கூட்டினாலும் இதைத் தொடவில்லை. நானோ இவ்வளவு நாளும் டிவி அலமாரிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதற்கு டைமர் பிளக் போதும் என்று நினைத்து, சிம் லிம் டவரில் பற்சக்கரம் வைத்த ஒன்றைப் பத்து வெள்ளிக்கு வாங்கினேன். வட்டத்தைச் சுற்றிலும் கால் மணி நேரத்துக்கு ஒரு சிறு முளை. வேண்டிய நேரத்து முளைகளை அழுத்திவிட வேண்டும். விடியற்காலை நாலரைக்குத் தொடங்கி ஏழுக்கு அணையும்படி வைத்தேன். மாமியாருக்கு ஐந்து மணிக்குத் தேநீர் வேண்டும். இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் பிரேக்கர் விழுந்து வீடு முழுக்க மின்சாரம் போய், யாரும் கவனிக்காமல் மூன்று மணி நேரம் கழித்து வந்தது. இந்த வகை டைமருக்கு மின்சாரம் நின்றால் கடிகாரமும் நின்றுவிடும். மறுநாள் ஐந்து மணிக்குக் குடுவையில் இருந்தது பச்சைத் தண்ணீர். மாமியார் ஒன்றும் பேசவில்லை. அடுப்பில் கெட்டிலை வைத்தார், மிச்ச வெந்நீரை ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய பிளாஸ்க்கில் ஊற்றி மூடினார். மாலை நான்கு மணிக்கு அதே பிளாஸ்க்கிலிருந்து எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். ஆவி பறந்தது. மின்குடுவை இப்போது அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. டைமரைக் கொசுமருந்துக் கருவிக்கு மாற்றிவிட்டேன்; இரவில் மட்டும் எரியும்படி முதலில் வைத்து, டெங்கிக் கொசு கடிப்பது பகலில் என்பது நினைவுக்கு வந்ததும் முளைகளை எல்லாம் மாற்றி அழுத்தினேன்.