மூன்று பூனை முத்திரை: ஷ்வேஷ்வே வாங்கி வெட்டும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துணிக்கடைகளில் ஷ்வேஷ்வே என்கிற அச்சுப் பருத்தித் துணியை முதன்முறை தொடுகிறவர்கள் முகம் சுளிப்பதுண்டு. அட்டை போல விறைப்பு, தனி வாடை. நாக்கில் வைத்தால் லேசாக உப்புக் கரிக்கும் (அசலா என்று நக்கிப் பார்க்கிற கிழவிகள் இங்கே இருக்கிறார்கள்). ஐரோப்பாவிலிருந்து கப்பலில் மாதக்கணக்கில் வந்த துணி ஈரத்தில் கெடாதிருக்கப் போட்ட கஞ்சிதான் இந்த விறைப்பு. துணி கப்பலில் வருவது நின்றும் கஞ்சி நிற்கவில்லை. கஞ்சி இல்லாவிட்டால் போலி என்று வாங்குகிறவர்களே தள்ளிவிடுவார்கள்.

1840களில் பிரெஞ்சுப் பாதிரிகள் பசூத்தோ (இன்றைய லெசோத்தோ) மக்களின் அரசர் முதலாம் மொஷ்வேஷ்வேக்கு அவுரி நீலத் துணியைப் பரிசளித்தார்கள். பெயர் அவரிடமிருந்து வந்ததாகச் சொல்வார்கள். நடக்கும்போது பாவாடை எழுப்பும் ஒலிதான் பெயரானது என்போரும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கோசா மொழியில் இதை 'உஜமானி' என்பார்கள். ஜெர்மன் குடியேறிகள் உடுத்திய துணி என்பதால் வந்த பெயர். நீலச் சாயமோ ஒரு காலத்தில் நம் ஊர் அவுரி. திண்டிவனம் பக்கம் இன்றும் அது விளைகிறது. 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

அசல் ஷ்வேஷ்வேயின் அடையாளமான மூன்று பூனை முத்திரையின் உரிமையை மான்செஸ்டரிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டா காமா ஆலை 1992இல் வாங்கியது. அச்சிடும் செப்பு உருளைகளும் கிழக்குக் கேப் மாகாணத்தின் ஸ்வெலிட்ஷாவுக்கு வந்தன. முதலில் துணி முழுக்கச் சாயம். பிறகு உருளை வழியாக வீரியம் குறைந்த அமிலம் பட்ட இடம் மட்டும் வெளுக்கும். வெள்ளைப் புள்ளி மேலே பூசியதாக இல்லாமல் துணியின் சொந்த வெண்மையாக இருப்பது அதனால்தான். நகத்தால் சுரண்டிப் பாருங்கள்: போலியில் மை தடிப்பாகத் தட்டுப்படும், அசலில் எதுவும் தட்டுப்படாது. பின்பக்கம் முத்திரையையும் பார்க்க வேண்டும். அகலம் இன்னொரு சாட்சி: அசல் 90 சென்டிமீட்டர்தான். 150 அகலத்தில் மலிவாகக் கிடைத்தால் பெரும்பாலும் போலி.

இந்த 90தான் தையலில் காலை வாருகிறது. 95 சென்டிமீட்டர் உயரப் பாவாடைக்கு மூன்று அகலம் சேர்த்தால் சுற்றளவு 270. ஒவ்வொரு அகலத்திலும் மடிப்புக்கும் இடுப்புக்கும் 10 விட்டால் 3.15 மீட்டர்; சுருக்கத்துக்கு மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் சேர்த்தால் ஏறக்குறைய 3.3, கையிருப்போடு 3.5 வாங்குங்கள். 150 அகலத் துணிக்குப் பழகிய தையல்காரர் இரண்டரை மீட்டர் போதும் என்பார், நம்பாதீர்கள்.

வெட்டும் முன் தனியாகக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, நீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். பிடி உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். வேலை செய்வது அலசல்தான், உப்பின் பங்கு சொற்பம். அலசாமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே ரவிக்கை இறுகும், வெள்ளை உள்துணி நீலமாகும். நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போகுமுன் இஸ்திரி போடவும்.

ரவிக்கைக்கு அலசியபின் அருமையான துணி. மெத்தென்று ஆகிவிடும், டர்பனின் பிப்ரவரிக் கோடைப் புழுக்கத்துக்கும் தாங்கும். மடிப்புப் பாவாடைக்கு அந்த மெதுமைதான் குறை. மடிப்பு நிற்க ஒவ்வொரு துவைப்புக்கும் வடிகஞ்சி போட வேண்டும். அதற்குப் பொறுமையில்லாதவர்கள் ரவிக்கையோடு நிறுத்திக்கொள்ளலாம்.