பழைய கொம்பியூட்டருக்கு மேலதிக மெமரியா, ஹார்ட் டிஸ்க்கா? யாழ்ப்பாணத்தில் எது தாங்கும்

லண்டனில் இருக்கிற மாமா கராஜைத் துப்புரவாக்கும்போது "பழைய அமிகா ஒன்று கிடக்கு, வரும்போது கொண்டு வரட்டோ?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும். அமிகா என்றால் 80களில் கொமடோர் கொம்பனி கொண்டுவந்த வீட்டுக் கொம்பியூட்டர். அடுத்த கேள்விதான் சிக்கல். "மெமரி போட் ஒன்றும் ஹார்ட் டிஸ்க் பெட்டி ஒன்றும் கூடக் கிடக்கு, சூட்கேஸில் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கு." நான் கண்ணை மூடிக்கொண்டு மெமரி என்றுதான் சொல்வேன். ஒரேயொரு விதிவிலக்கு உண்டு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மேலதிக மெமரியில் பழுதாவது பெரும்பாலும் மெமரி இல்லை, அதைச் சுற்றி இருப்பவைதான். 1981இல் வந்த சின்கிளேயர் இசட்எக்ஸ் 81 என்கிற சின்ன வீட்டுக் கொம்பியூட்டரைப் பாருங்கள். உள்ளே 1 கிலோபைட் மட்டும்தான், அதனால் பின்பக்கம் 16 கிலோபைட் பெட்டி ஒன்றைச் செருகியே ஆகவேண்டும். அந்தப் பெட்டி போட்டின் விளிம்பைக் கவ்விக்கொண்டு தொங்குமே தவிர, பிடிக்க ஒரு ஸ்குரூகூடக் கிடையாது. கொஞ்சம் அழுத்தித் தட்டினால் பெட்டி ஆடும், தொடர்பு விடும், அவ்வளவு நேரம் இருந்து அடித்த புரோகிராம் முழுக்கப் போய்விடும். இங்கிலாந்தில் சனங்கள் சுவரில் படம் ஒட்டுகிற நீலப் பசையை வைத்து அதை ஒட்டி வைத்தார்கள். ஆனால் சிப்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது. விளிம்பை அழிறப்பரால் தேய்த்து, பெட்டி அசையாமல் இறுக்கி வைத்தால் இன்றைக்கும் ஓடக்கூடியது. நம்முடைய ஊரில் உப்புக்காற்று இருக்கிறதால், குருநகர், பாசையூர்ப் பக்கம் என்றால் அந்தத் தேய்ப்பை அடிக்கடி செய்யவேண்டி வரும், அவ்வளவுதான்.

சொக்கற்றில் செருகிய சிப்புகளுக்கு இன்னொரு வியாதி உண்டு. சூடாகி, ஆறி, திரும்பச் சூடாகி என்று போகப் போகச் சிப் மெல்ல மெல்ல மேலே எழும்பி வந்துவிடும். மெஷினைத் திறந்து ஒவ்வொரு சிப்பையும் பெருவிரலால் அழுத்தினால் "டிக்" என்று இறங்குவது கேட்கும். பல "செத்த" மெமரி போட்கள் இப்படித்தான் உயிர்த்தெழும்புகின்றன.

உண்மையான எதிரி பற்றரி. அமிகா 500க்கு அடியில் மூடியைத் திறந்து செருகுகிற ஏ501 போட், 512 கிலோபைட்டை 1 மெகாபைட் ஆக்குகிறது, கூடவே மணிக்கூடும் தருகிறது. அந்த மணிக்கூட்டுக்காக நிக்கல் காட்மியம் பற்றரி ஒன்றைப் போட்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள். வருடக்கணக்கில் கிடந்தால் அது கசியும். மூடியைத் திறந்தால் பற்றரியின் ஒரு முனையில் வெள்ளையும் நீலப்பச்சையும் கலந்த பொருக்கு இருக்கும், அதற்குக் கீழே செப்புக் கோடுகள் கறுத்து, சில இடத்தில் தொட்டாலே கழன்றுவரும். கசிவு அங்கேயே நிற்காது, மெஷினோடு சேர்கிற இணைப்பு வரைக்கும் ஊர்ந்துபோகும். செய்யவேண்டியது சுலபம். பற்றரியை வெட்டி எறியுங்கள், மணிக்கூடு யாருக்கு வேணும்? கசிந்தது காரம், ஆகவே அமிலத்தால்தான் கழுவவேண்டும். குசினியில் இருக்கிற வினாகிரியைப் பழைய பல்துலக்கும் பிரஷில் தொட்டுத் தேயுங்கள், தேசிக்காய்ப் புளியும் சரிதான், பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். அறுந்த கோடுகளுக்கு மெல்லிய கம்பி வைத்து ஒட்டலாம். மாமாவுக்கு அனுப்பச் சொல்லவேண்டிய முதல் படம் மெஷினின் முன்பக்கம் இல்லை, இந்தப் பற்றரிதான்.

சிப்பே சாகிற சந்தர்ப்பமும் இல்லாமல் இல்லை. 80களின் இன்னொரு வீட்டுக் கொம்பியூட்டரான கொமடோர் 64இன் பவர் சப்ளை பெயர்போன கொலைகாரன். உள்ளே 5 வோல்ற் ஒழுங்காக்கி பழுதானால் வோல்ற்றேஜ் ஏறி, முதலில் மெமரி சிப்புகளைத்தான் தின்னும். அதனால் பழைய சப்ளையை மெஷினில் செருக முதல் மல்ரிமீற்றரால் அளந்து பாருங்கள். கனடாவில் இருந்து வருகிற கொமடோருக்கு இன்னொரு கவனம் தேவை. அது 120 வோல்ற் சப்ளை, நம்முடைய 230ஐ நேரே கொடுத்தால் புகைதான் வரும்.

ஹார்ட் டிஸ்க்கின் கதை வேறு. இங்கே பழுதாவது டிஸ்க்கேதான். சுழல்கிற தட்டு, அதில் தகவலை எழுதி வாசிக்க அசைகிற தலை, இறுகுகிற எண்ணெய், எல்லாம் வயது போகிற சாமான்கள். 80களில் எங்கும் இருந்த சீகேற் எஸ்டி-225, 20 மெகாபைட், இதற்கு நல்ல உதாரணம். அதன் தலையைப் படிப்படியாகத் தள்ளுவது ஒரு ஸ்டெப்பர் மோட்டார். தடம், அதாவது தட்டில் தகவல் எழுதியிருக்கிற வட்டம், உண்மையில் எங்கே இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை, இத்தனை படி போனால் இந்தத் தடம் என்று நம்பிப் போகும். சூட்டில் உலோகம் விரிந்தால் கணக்குப் பிசகும். விடியக் குளிரில் போர்மற் பண்ணினதைச் சித்திரை வெயிலில் மத்தியானம் வாசிக்கமுடியாமல் போகிறதற்குக் காரணம் இதுதான். அதோடு, நிறுத்த முதல் நாமாகக் கட்டளை கொடுத்துத் தலையை ஒதுக்குப்புறமாக நிறுத்தவேண்டும். கரண்ட் திடீரென்று போனால் தலை நின்ற இடத்திலேயே தகவலின் மேல் இறங்கும். 2022இல் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்டில் இப்படி ஒரு டிஸ்க்கை நம்பி என்ன செய்வது?

அதற்குப் பிறகு வந்தவை தலையைத் தாங்களாகவே ஒதுக்கிக்கொள்ளும், ஆனால் வேறு நோய்கள் வந்துவிட்டன. நெடுநாள் கிடந்த டிஸ்க்கில் தலை தட்டோடு ஒட்டிக்கொள்ளும், மோட்டார் முனகும், சுழலாது. கையில் பிடித்து வெடுக்கென்று ஒரு திருப்புத் திருப்பினால் சிலது விடுபடும். குவாண்டம் புரோடிரைவ் வகைகளில் உள்ளே தலை வந்து முட்டுகிற இடத்தில் ஒரு சின்ன றப்பர் இருக்கும், அது காலம் போகப் பிசினாகி, தலையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூடியைத் திறந்துதான் அதைச் சரிப்படுத்தலாம், நம்முடைய தூசிக்குள் திறந்த டிஸ்க் எத்தனை நாள் ஓடும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மெமரியில் கரண்ட் போனால் வேலை போகும், மெஷின் திரும்ப எழும்பும். டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் அமிகா அடுத்தமுறை டிஸ்க்கை முழுக்கச் சரிபார்க்கத் தொடங்கும், சரிவராவிட்டால் கோப்புகள் ஒவ்வொன்றாகக் கழரும்.

சரி, அந்த விதிவிலக்கு. அமிகா 500இன் இடப்பக்கத்தில் செருகுகிற ஏ590 ஹார்ட் டிஸ்க் பெட்டி என்றால், டிஸ்க் செத்திருந்தாலும் கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் வருகிற 20 மெகாபைட் டிஸ்க் மெதுவானது, எக்ஸ்ரி எனும் பழைய வகை இணைப்பு என்பதால், பிறகு வந்த பீசீக்களில் இருந்த சாதாரண ஐடிஈ டிஸ்க்கை அதற்குப் பதிலாக மாட்டவும் முடியாது. ஆனால் அதே போட்டில் ஸ்கசி எனும் வேறொரு வகை டிஸ்க் இணைப்பும் 2 மெகாபைட் வரை மெமரி சிப் செருகச் சொக்கற்றுகளும் இருக்கின்றன. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, எஸ்டி கார்டில் ஓடுகிற ஸ்கசி போட் ஒன்றை, புளூஸ்கசி மாதிரி, மாட்டினால் சத்தமும் இல்லை, சூடும் இல்லை, கரண்ட் போனாலும் தலை விழப்போவதில்லை. சிப்புகளைப் போட்டுவிட்டால் அமிகாவின் மென்பொருளான வேர்க்பென்ச்சில் 1.3இல் இருந்து இருக்கிற ராட் எனும், மெமரியையே டிஸ்க் மாதிரிப் பாவிக்கிற வசதியில் முழு 880 கிலோபைட் பிளொப்பியையும் ஏற்றி வைக்கலாம். மெஷின் தொங்கி றீசெற் பண்ணினாலும் அது அப்படியே இருக்கும், கரண்ட் போனால்தான் போகும். ஒன்று, பிளொப்பி இல்லாமல் தானாக பூட் ஆகவேண்டும் என்றால் மெஷினுக்குள் சிப்பில் இருக்கிற தொடக்க மென்பொருளான கிக்ஸ்ராட் 1.3 இருக்கவேண்டும், 1.2 என்றால் முதலில் பிளொப்பி போடவேண்டி வரும்.

பழைய டிஸ்க் தற்செயலாகச் சுழன்றுவிட்டால் விளையாட்டு எதையும் தொடங்காதீர்கள். அந்தச் சூட்டோடேயே உள்ளே இருப்பதை எல்லாம் சீரியல் வயர் போட்டு லப்ரொப்புக்கு எடுத்துவிடுங்கள், அடுத்தமுறை சுழலும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.