இலக்கை மாற்றுவதா, நஞ்சை உடைப்பதா? செடியின் நஞ்சைத் தாங்கப் பூச்சிகள் பிடித்த வழிகள்

“பூச்சி நஞ்சுக்குப் பழகிவிட்டது” என்று சொல்லும்போது வெவ்வேறு சங்கதிகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. நஞ்சு போய் ஒட்டவேண்டிய புரதமே உருமாறி, அது பிடித்துக்கொள்ள இடமில்லாமல் போவது ஒரு வழி. புரதம் பழையபடி இருக்க, நஞ்சு அதை எட்டுவதற்குள் நொதிகள் சிதைத்துவிடுவது இன்னொரு வழி. இந்த இரண்டும்தான் முக்கியப் போட்டியாளர்கள்.

இலக்கை மாற்றும் வழிக்கு மோனார்க் வண்ணத்துப்பூச்சிதான் தெளிவான சான்று. அதன் புழு தின்னும் எருக்கங் குடும்பச் செடிகளின் பாலில் உள்ள கார்டினோலைடுகள் என்ற நஞ்சுகள், உயிரணுவிலிருந்து சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் புரதப் பம்பை அடைத்துவிடும். அந்தப் பம்ப் நின்றால் நரம்பு நின்றது. மோனார்க்கின் பம்பில் மூன்று அமினோ அமிலங்கள் (புரதத்தின் கண்ணிகள்) மாறியிருக்கின்றன: 111ஆம் இடத்தில் குளுட்டமின் போய் வேலின், 119இல் அலனின் போய் செரின், 122இல் ஆஸ்பராஜின் போய் ஹிஸ்டிடின். இதே 122ஆம் இட மாற்றம் வண்டு, நாவாய்ப்பூச்சி, ஈ ஆகிய பூச்சி வகைகளிலும் தனித்தனியே தோன்றியிருக்கிறது.

2019இல் இந்த மூன்றையும் மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையில் பழ ஈக்குள் புகுத்திப் பார்த்தார்கள். எருக்கோடு எந்த உறவும் இல்லாத அந்த ஈ, மோனார்க் அளவுக்கே நஞ்சைத் தாங்கியது. ஆனால் 122ஐ மட்டும் மாற்றினால் ஈ நஞ்சைத் தாங்கினாலும், குலுக்கியதும் வலிப்பு கண்டு விழுந்தது. 119ஆம் இட மாற்றம் உடன் இருந்தால் இந்தக் கோளாறு தணிகிறது. அதனால்தான் பரிணாமத்தில் மூன்றும் எந்த வரிசையில் வந்தன என்பது அவ்வளவு முக்கியம். எருக்குத் தின்னும் நாவாய்ப்பூச்சி ஒன்று இந்தச் சிக்கலை வேறு மாதிரி தீர்த்தது. அதன் பம்ப் மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருக்கிறது. குடலில் நஞ்சைத் தாங்கும் பிரதிகள், நரம்பில் வேலைத்திறன் குறையாத பிரதி. மிக அழகான ஏற்பாடு இது.

ஆக, இலக்கை மாற்றும் வழியில் நுழைவுக் கட்டணம் அதிகம், நுழைந்த பின் செலவு குறைவு. நஞ்சு உடலில் கிடந்தாலும் கேடில்லை என்பதால் அதைச் சேமித்துவைத்துத் தன்னைத் தின்ன வருபவைக்கே எதிராகத் திருப்பலாம். ஆனால் அதே இலக்கைத் தாக்கும் நஞ்சுகளுக்கு மட்டும்தான் இது பலிக்கும்.

நொதியால் உடைக்கும் வழிக்கு இந்த வரம்பு இல்லை. கேரட் குடும்பத்தின் பியூரானோகூமரின்கள் வெயில் பட்டால் டிஎன்ஏவையே பிணைத்துக் கெடுப்பவை. அந்தச் செடிகளையே தின்னும் கருப்பு வாலி வண்ணத்துப்பூச்சியின் புழுவில், நஞ்சைத் தின்றவுடன் பி450 என்ற நஞ்சுடைக்கும் நொதி பெருகி அதை வேகமாக உடைக்கிறது. பலவகைச் செடிகளைத் தின்னும் அதன் உறவினமான புலி வாலியிலும் இதே குடும்ப நொதிகள் உண்டு. அவை பலவகை நஞ்சுகளை ஏற்கும், ஆனால் மெதுவாக.

செடியும் சும்மா இருப்பதில்லை. சில செடிகள் மூலக்கூற்றின் வடிவை வளைத்து, நேர் வடிவத்துக்குப் பதில் கோண வடிவப் பியூரானோகூமரினைச் செய்கின்றன. அதன் முன் கருப்பு வாலியின் நொதி திணறுகிறது. புழு மெலிகிறது, முட்டை குறைகிறது. இன்னொரு தந்திரமும் உண்டு: மைரிஸ்டிசின் போன்ற பொருள்கள் பி450 நொதியையே முடக்கி, உடனிருக்கும் நஞ்சின் வேகத்தைக் கூட்டிவிடும்.

விவசாயத்துக்குப் பெரிய தலைவலி தருவது இந்த நொதி வழிதான். புகையிலைக்கு மாறிய பச்சை அசுவினி இனத்தில், நிகோடினை உடைக்கும் பி450 மரபணு 100 பிரதிகள் வரை பெருகியிருக்கிறது. நிகோடினை ஒத்த நியோநிகோடினாய்டு பூச்சி மருந்துகளையும் அதே நொதி உடைக்கிறது. மருந்து வயலுக்கு வருமுன்பே எதிர்ப்பு தயாராக இருந்தது.

மூன்றாவதாக, நஞ்சு உருவாகவே விடாத வழி. கடுகுக் குடும்பத்தில் குளுக்கோசினோலேட்டு என்ற நஞ்சின் மூலப்பொருள் ஓரிடத்திலும் அதைக் கிளப்பும் நொதி வேறிடத்திலும் இருக்கும். இலையைக் கடித்தால்தான் இரண்டும் கலக்கும். வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு, நொதி வினைபுரிவதற்குள் குளுக்கோசினோலேட்டின் சல்பேட்டுப் பகுதியைக் கழற்றிவிடுகிறது. முட்டைக்கோஸ் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழுவோ வினையை நடக்கவிட்டு, விளைபொருளைக் கடுகின் கார நஞ்சான ஐசோதயோசயனேட்டுக்குப் பதில் நைட்ரைல் என்ற பொருளின் பக்கம் திருப்புகிறது. முதல் முறையே துப்புரவானது என்பேன். இரண்டாவதில் சில நைட்ரைல்களிலிருந்து சயனைடு கிளம்பி, அதைத் தணிக்கத் தனி நொதிகள் தேவைப்படுகின்றன.

ஒரு பூச்சி எந்த வழியில் போகிறது என்று கண்டறிய, முதலில் பி450 நொதியை முடக்கும் பைப்பரோனைல் பியூட்டாக்சைடு சோதனை. செடி மைரிஸ்டிசினால் செய்வதைத்தான் இதில் நாம் செய்கிறோம். இந்த வேதிப்பொருளைத் தனியாகக் கொடுத்து, எந்தப் புழுவும் சாகாத உச்ச அளவைக் கண்டுபிடியுங்கள். ஒரே வயதும் எடையும் உள்ள புழுக்களுக்கு அந்த அளவை முன்கூட்டியே கொடுத்து, பிறகு நஞ்சைக் குறைந்தது ஐந்து செறிவுகளில் தீனியில் கலந்து கொடுங்கள். கரைப்பான் மட்டும் கண்ட குழு ஒன்றும், பைப்பரோனைல் மட்டும் கண்ட குழு ஒன்றும் கட்டாயம். பாதிப் புழுக்களைக் கொல்லும் அளவு பல மடங்கு இறங்கினால் பி450 வேலை செய்கிறது என்று கருதலாம். இறங்காவிட்டால் உடனே இலக்கு மாறிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது, ஏனெனில் இது எல்லாப் பி450களையும் அடக்குவதில்லை. நஞ்சை உடைக்கும் வேறு நொதிகளான சில எஸ்டரேஸ்களையும் சேர்த்து அடக்கும் என்பதால், அளவு இறங்கினாலும் பி450 மட்டுமே காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இலக்கைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்: நரம்புத் திசுவை அரைத்து, கார்டினோலைடு வகையான ஊவபைனைப் படிப்படியாகக் கூட்டி, பம்ப் வெளியிடும் பாஸ்பேட் எவ்வளவு குறைகிறது என்று அளக்க வேண்டும்.

அடிக்கடி நேரும் பிழைகள் இரண்டு. தோலுரிக்கும் தறுவாயில் உள்ள புழுக்களைச் சேர்த்தால், அப்போது நொதிகள் தணிந்திருப்பதால் கணக்கு குழம்பும். கசப்பால் தின்னாமல் பட்டினி கிடந்த புழுவை நஞ்சால் நலிந்ததாக எண்ணிவிடுவது அடுத்தது. தின்ற தீனியை எடைபோட்டு, ஒரு கிராம் தீனிக்கு எவ்வளவு வளர்ந்தது என்று பார்த்தால் இரண்டும் பிரிந்துவிடும். தாங்கும் திறன் பரம்பரையா, தின்றதால் தூண்டப்பட்டதா என்று அறிய, நஞ்சில்லாத தீனியில் இரண்டு தலைமுறை வளர்த்த பிறகு சோதிக்க வேண்டும். ஒரு தலைமுறையோடு நிறுத்தினால் தாய் தின்றதன் தாக்கம் மிச்சமிருக்கும்.